தலைத் தீபாவளி: மகள் திரும்பும் நாளின் வரலாறு

திருமணமான முதல் ஆண்டில் வரும் தீபாவளியைப் புதுமணத் தம்பதியர் பெண்ணின் பிறந்த வீட்டில் கொண்டாடும் வழக்கம் தமிழ்நாட்டில் தலைத் தீபாவளி எனப்படுகிறது. தலைச்சன் பிள்ளை, தலைப் பிரசவம் என்பவற்றில் போலவே இங்கும் 'தலை' என்பது முதலாவது என்று பொருள்படும். பெண்ணின் பெற்றோர் சம்பந்தி வீட்டுக்கு நேரில் சென்றோ மகனை அனுப்பியோ முறைப்படி அழைப்பதும், மகளுக்கும் மருமகனுக்கும் புத்தாடை எடுப்பதும், மாமனார் மருமகன் விரலில் மோதிரம் அணிவிப்பதும், தம்பதியர் ஊர் திரும்பும்போது மருமகனின் பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் துணியும் பலகாரமும் கொடுத்தனுப்புவதும் இவ்வழக்கத்தின் உறுப்புகள். பேச்சிலும் எழுத்திலும் இது மாப்பிள்ளையின் விழாவாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் இதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால், அழைப்பு மாப்பிள்ளையின் பெயருக்குப் போனாலும் வீடு காத்திருந்தது மகளுக்காகவே என்பதும், புகுந்த வீட்டிலிருந்து அவள் திரும்பிவர ஊரறிந்த காரணம் ஒன்று தேவைப்பட்ட சமூகத்தில் பண்டிகையே அந்தக் காரணமாக அமைந்தது என்பதும் புலப்படும்.

பண்டிகை நாளில் கணவனும் மனைவியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்தில் தீபாவளியை விடப் பழமையானது. சங்கப் பாடல்களில் தீபாவளி இல்லை. கார்த்திகை விளக்கு விழா உண்டு. நக்கீரர் பாடிய அகநானூற்று 141ஆம் பாடலில், பொருள் தேடிப் பிரிந்துபோன தலைவன் கார்த்திகை விழாவைத் தங்களோடு கொண்டாடுவதற்காவது வந்துசேர வேண்டும் என்று தலைவி ஏங்குகிறாள். மழை ஓய்ந்த வானில் முழுநிலவு அறுமீனைச் சேரும் நள்ளிரவில் தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தொங்கவிடும் காட்சி அப்பாடலில் வருகிறது. அதே பாடல் இடையாறு என்னும் சோழநாட்டு ஊரின் வளத்தைச் சொல்லும்போது, புதுமணப் பெண் இருக்கும் மனையில் அடுப்பில் பாலுலை ஏற்றியிருப்பதையும், இளமகளிர் நெற்கதிரை முறித்து வந்து அவல் இடிப்பதையும் காட்டுகிறது. விளக்கு விழா, பிரிந்தவரின் வருகை, புதுமணப் பெண் இருக்கும் வீட்டின் சமையல் மும்முரம் ஆகிய மூன்றும் ஒரே பாடலுக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பது கவனத்திற்குரியது. பின்னாளில் தலைத் தீபாவளி என்னும் வடிவம் வந்தபோது அது வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை என்பதற்கு இப்பாடல் போதிய சான்று.

தீபாவளி தமிழகத்துக்கு வந்த வழி பற்றி அறிஞரிடையே ஒரே கருத்து இல்லை. மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளைச் சமணர் விளக்கேற்றிக் கொண்டாடியதே இதன் தோற்றம் என்று மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் வாதிட்டார். 1030ஆம் ஆண்டையொட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, இப்பண்டிகை நாளில் மக்கள் நீராடிப் புத்தாடை உடுத்து, ஒருவருக்கொருவர் வெற்றிலை பாக்கு அளித்து, இரவில் எண்ணற்ற விளக்குகளை ஏற்றுவதைக் குறித்திருக்கிறார். ஆனால் அவர் அறிந்தது வட இந்தியா. தென்னாட்டில் விஜயநகர ஆட்சிக்காலத் திருமலைக் கல்வெட்டுகள் தீபாவளி நாளில் படைக்க வேண்டிய அமுதுபடிக்கான கொடைகளைப் பேசுகின்றன. விஜயநகரப் பேரரசின் கீழும் அதன் பிறகு மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களின் கீழும் தெலுங்கும் கன்னடமும் பேசிய படைவீரர், வணிகர், நெசவாளர், புரோகிதர் எனப் பலர் தமிழகத்தில் குடியேறிய 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இப்பண்டிகை பரவலாக வேரூன்றியது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில் காவிரிப் படுகையில் அதன் செல்வாக்கு மேலும் வளர்ந்தது.

இந்த வரலாற்றுப் பின்னணி தலைத் தீபாவளிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மகாராட்டிரத்தில் புதுமாப்பிள்ளையையும் மகளையும் முதல் தீபாவளிக்குப் பெண் வீட்டார் அழைத்து விருந்தும் பரிசும் தருவது 'திவாளசண்' என்னும் பெயரில் இன்றும் நடக்கிறது. கர்நாடகத்திலும் புது மருமகனுக்கு முதல் தீபாவளி அழைப்பு உண்டு. பண்டிகைக்கு முந்தைய மாலையில் வெந்நீர்ப் பாத்திரத்தைத் துலக்கிப் பொட்டிட்டுத் தண்ணீர் நிரப்பி வைக்கும் சடங்குக்கு அங்கே 'நீர் நிரப்பும் பண்டிகை' என்றே பெயர். அதே சடங்கைத் தமிழ்நாட்டுப் பிராமணர் வீடுகளிலும் காணலாம். விடியுமுன் எண்ணெய்க் குளியல், நரக சதுர்த்தசி, மருமகன் வருகை என்னும் மூன்றும் சேர்ந்த தீபாவளி தக்காணத்திலிருந்து காவிரி வரை ஒரே தொடராக நீண்டு கிடப்பதையும், அமாவாசை இரவில் இலக்குமி பூசையை மையமாகக் கொண்ட வட இந்தியத் தீபாவளி இதிலிருந்து வேறுபடுவதையும் சேர்த்துப் பார்த்தால், தலைத் தீபாவளி தக்காண மரபின் தமிழ் வடிவம் என்று கொள்வதே பொருத்தமாகும். ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் இதே மரியாதை சங்கராந்திக்கு வரும் 'கொத்த அல்லுடு' என்னும் புது மருமகனுக்குக் கிடைக்கிறது. வங்காளத்திலோ கோடையில் வரும் 'ஜாமாய் சஷ்டி' நாளில் மருமகனுக்கு மாமியார் விருந்து படைக்கிறார். ஆக, மகளையும் மருமகனையும் அழைப்பதற்கான தேவை எங்கும் இருந்தது. எந்தப் பண்டிகையின் பெயரால் அழைப்பது என்பதை அந்தந்த நிலத்தின் பருவமும் வரலாறும் முடிவு செய்தன.

அந்தத் தேவை எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளத் திருமண வயதைப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களிலும், அவர்களைப் பின்பற்றிய வேறு சில சாதிகளிலும், பெண் பூப்பெய்துமுன்பே மணம் முடிந்துவிடும். மணம் முடிந்தாலும் பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். அவள் பூப்பெய்திய பிறகு சாந்தி முகூர்த்தம் என்னும் சடங்கு நடந்த பின்னரே கணவன் வீடு செல்வாள். சுப்பிரமணிய பாரதிக்கு 1897இல் மணம் நடந்தபோது அவருக்கு வயது 14, செல்லம்மாவுக்கு 7. மறு ஆண்டு தந்தை இறந்ததும் பாரதி காசிக்குச் சென்றுவிட, செல்லம்மா கடையத்தில் தந்தை வீட்டிலேயே வளர்ந்தார். கணிதமேதை இராமானுஜனுக்கு 1909இல் மணம் முடிந்தபோது ஜானகிக்கு வயது 10. அவர் கணவனுடன் வாழ வந்தது சில ஆண்டுகள் கழித்துத்தான். இத்தகைய மணங்களில் மனைவி ஓர் ஊரிலும் கணவன் வேறோர் ஊரிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். இருவரும் பெரியோர் முன்னிலையில் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு வாய்த்தவை பெரும்பாலும் பண்டிகை நாட்களே. தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் சிறுவன். அவனுக்குப் பட்டாசும் புதுச் சட்டையும் கொடுத்து மகிழ்விப்பது, குழந்தைகளுக்குச் செய்வது போன்றே இயல்பாக இருந்தது. இன்று முப்பதை நெருங்கும் மாப்பிள்ளைக்கும் பட்டாசுக் கட்டு தனியாக வாங்கி வைக்கிறார்களே, அந்த வழக்கத்தில் சிறுவர் திருமணக் காலத்தின் தடயம் எஞ்சியிருக்கிறது என்று கருத இடமுண்டு.

உழவுத் தொழிலிலும் பிற தொழில்களிலும் இருந்த பெரும்பான்மைச் சாதிகளில் நிலைமை வேறு. அங்கே பெண்ணுக்குப் பூப்பெய்திய பிறகே மணம். மணம் முடிந்ததும் அவள் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவாள். நடவு, களையெடுப்பு, மாடு கன்று, சமையல் என அந்த வீட்டின் உழைப்பில் அன்றே ஒரு பங்கு அவள் தலையில் ஏறும். தாய் வீட்டுக்குப் போய்வர மாமியாரின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்பதற்கும் ஒரு முகாந்திரம் வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் சீர்த்தட்டோடு வந்து முறைப்படி அழைக்கும்போது அதை மறுப்பது ஊரில் பேச்சாகிவிடும். எனவே பிராமண வீடுகளில் மகள் இருக்கும் இடத்துக்கு மருமகன் வந்த நாளாகத் தொடங்கியதும், உழவர் வீடுகளில் மருமகனைத் துணைகொண்டு மகள் திரும்பிய நாளாகத் தொடங்கியதும் ஆகிய இருவேறு ஓடைகள் இப்பண்டிகையில் கலந்திருக்கின்றன.

இவ்விரண்டு ஓடைகளையும் ஒன்றாக்கியதில் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சாரதா சட்டம் என்று வழங்கிய குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்தபட்ச வயதை அது வகுத்தது. வைதிகர் பலர் கடுமையாக எதிர்த்தனர். சட்டம் நடைமுறைக்கு வருமுன் அவசர அவசரமாக மணங்கள் நடந்தன. ஆயினும் அடுத்த இரு தலைமுறைகளுக்குள் திருமணமும் இல்வாழ்வின் தொடக்கமும் பிராமண வீடுகளிலும் ஒன்றாகிவிட்டன. 1978ஆம் ஆண்டுத் திருத்தம் வயதை 18, 21 என உயர்த்தியது. அதன்பிறகு தலைத் தீபாவளி எல்லாச் சாதியிலும் ஒரே பொருளைப் பெற்றது: புகுந்த வீட்டுக்குப் போன மகள் கணவனுடன் திரும்பி வருகிறாள்.

தலைத் தீபாவளியைத் தனியாகப் பார்ப்பதும் சரியாகாது. அது முதலாண்டின் சீர் வரிசையில் ஒரு கண்ணி. சித்திரை, வைகாசி, ஆனியில் மணம் முடிந்தால் முதலில் வருவது தலை ஆடி. ஆடியில் கருத்தரித்தால் சித்திரைக் கோடையில் பிள்ளைப்பேறு நேரும் என்னும் அச்சத்தால் பெண்ணை அம்மாதம் முழுவதும் தாய் வீட்டில் வைத்துக்கொள்வர். ஆடி முதல் நாளில் மருமகனை அழைத்து விருந்து வைத்து, தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலமும் சேர்த்த ஆடிப்பாலை வெள்ளித் தம்ளரில் கொடுத்து, அவனை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டுப் பெண்ணை நிறுத்திக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். ஆடிப்பெருக்கு எனப்படும் பதினெட்டாம் நாளில் காவிரிக் கரையில் புதுமணத் தம்பதியர் மணமாலைகளை ஆற்றில் விட்டுப் பெண் புதிய மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வாள். அடுத்து ஐப்பசியில் தீபாவளி, அதையடுத்துக் கார்த்திகைச் சீர், பிறகு தைப் பொங்கல். திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் சீரைப் பொங்கல்படி என்பர். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, காய்கறி, கிழங்கு வகைகள் என வண்டி நிறையப் போகும்.

தீபாவளி, பொங்கல் இரண்டில் எது பெரிது என்பது நிலத்தைப் பொறுத்தது. காவிரிப் படுகையில் குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் வீடு வந்துவிடும். கையில் காசு புழங்கும் அந்நேரத்தில் தீபாவளிச் சீர் செய்வது எளிது. ஆனால் வானம் பார்த்த பூமியான இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலியின் வறண்ட பகுதிகள் ஆகியவற்றில் ஐப்பசி என்பது விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்துக் குதிரின் அடியைத் துழாவும் மாதம். அங்கே முதன்மையான சீர் தையில்தான் சாத்தியம். கிராமத்துப் பெரியவர்கள் பலர் தலைப் பொங்கலைத்தான் உண்மையான சீராக நினைவுகூர்வதற்கு இதுவே காரணமாகும். தீபாவளி முதலிடம் பெற்றது நகரமும் மாதச் சம்பளமும் வளர்ந்த பின்னரே.

பண்டிகை நாளின் நடைமுறையைச் சற்று அருகிலிருந்து காண்பது பொருத்தம். முந்தைய மாலையிலேயே செம்பு அல்லது பித்தளைத் தவலையைப் புளியிட்டுத் துலக்கி, கழுத்தில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, பிரண்டைக் கொடியைச் சுற்றித் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். நல்லெண்ணெயில் மிளகு, ஓமம், வெற்றிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்திருப்பார்கள். புத்தாடைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி முன் அடுக்கியிருக்கும். விடியுமுன் நாலு மணிக்கெல்லாம் வீட்டில் விளக்கு எரியும். கோலத்தின் மேல் இரண்டு மணைகளை, அதாவது அமர்வதற்கான தாழ்ந்த மரப்பலகைகளை, இட்டு மகளையும் மருமகனையும் கிழக்கு நோக்கி உட்காரவைத்து, வீட்டின் மூத்த சுமங்கலி இருவர் தலையிலும் எண்ணெய் வைப்பாள். அன்று முதல் எண்ணெய் அவர்களுக்குத்தான். சீயக்காய் தேய்த்து வெந்நீரில் குளித்து வந்ததும் புத்தாடையை மாமனார் கையால் வாங்கி உடுத்து, இருவரும் சேர்ந்து பெரியவர்களை விழுந்து வணங்க வேண்டும். முதல் வெடியை மருமகன் வைப்பான். அதன்பின் வெறும் வயிற்றில் தீபாவளி மருந்து: சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், கொத்தமல்லி விதை ஆகியவற்றை அரைத்து வெல்லப்பாகில் நெய்விட்டுக் கிளறிய இந்த இலேகியம், அடுத்த மூன்று நாட்களுக்கு வரிசையாக வரப்போகும் நெய்ப் பலகாரங்களை வயிறு தாங்குவதற்கான முன்னேற்பாடு. ஐப்பசி அடைமழையில் சளி பிடிக்காமல் காப்பதும் அதன் வேலை. "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பது அன்றைய முகமன்.

இது பிராமண, வேளாள வீடுகளின் சித்திரம். புலால் உண்ணும் வீடுகளில் குளித்து வந்ததும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். நண்பகலில் மாப்பிள்ளை விருந்து என்ற பெயரில் நாட்டுக்கோழி, ஈரல், தலைக்கறி என இலையில் இடம் போதாது. வட மாவட்டங்களின் பல சாதிகளில் அன்று கேதார கௌரி நோன்பும் உண்டு. அதிரசம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் என ஒவ்வொன்றும் இருபத்தொன்று வைத்து, இருபத்தொரு இழை நோன்புக் கயிற்றைப் பெண்கள் கட்டிக்கொள்வர். நோன்பு உள்ள குடும்பத்துக்கு மருமகளாகப் போன பெண் அதைப் புகுந்த வீட்டில்தான் எடுக்க வேண்டும் என்பது முறையாதலால், காலையில் தாய் வீட்டு எண்ணெய், மாலையில் மாமியார் வீட்டு நோன்பு என ஒரே நாளில் இரண்டு வீடுகளுக்கு இடையே தம்பதியர் பேருந்தில் அலையும் நிலையும் ஏற்படும். ஒரு பெண்ணின் இரண்டு வீடுகளும் அவள்மீது உரிமை கொண்டாடுவது இந்த அலைச்சலில் வெளிப்படையாகவே தெரிகிறது.

சீர் என்பதன் பொருளியலை மறைத்துவிட்டு இவ்வழக்கத்தின் இனிமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. மதுரை வட்டாரப் பிரமலைக் கள்ளரிடையே கள ஆய்வு செய்து 1957இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், தென்னிந்தியத் திருமணம் ஒரு நாளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி இல்லை என்றும், பெண் வீட்டிலிருந்து தொடர்ந்து வரும் கொடைகளாலேயே அந்த உறவு நிலைபெறுகிறது என்றும் காட்டினார். முதலில் மாமனார் தருபவை பின்னர் அவருடைய மகன் தருபவையாகி, பெண்ணின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீராக மாறும். தந்தையின் நிலத்தில் மகளுக்குப் பங்கில்லாத காலத்தில், நிலத்தின் விளைச்சலில் ஒரு கூறு ஆண்டுதோறும் அவளைத் தேடிவந்த வழி இதுவே. அந்த வகையில் சீரில் ஒரு நியாயம் இருந்தது. அது கேட்காமல் வந்தவரை மகளுக்குப் பெருமையாகவும் தெம்பாகவும் இருந்தது. கேட்டுப் பெறுவதாக மாறியபோது அதே சீர் பெண்ணைக் குத்திக்காட்டும் கருவியாயிற்று. மோதிரத்தின் எடை, வேட்டியின் சரிகை அகலம், பின்னாளில் கைக்கடிகாரம், ஸ்கூட்டர் என எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போனதால், மகளின் திருமணக் கடனே அடையாத நிலையில் முதல் தீபாவளிக்கு மறுகடன் வாங்கிய தந்தையர் எண்ணற்றோர். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. திருமணத்தை ஒட்டி அதற்குப் பின் எந்நேரத்தில் கேட்டுப் பெற்றாலும் அது வரதட்சணையே என்பதை 1986ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் மகளுக்கும் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமையைத் தந்தது. உரிமை சட்டத்தில் ஏறிய பிறகும், சீர் செய்துவிட்டதைக் காரணம் காட்டிப் பெண்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. மோதிரத்தைப் பங்குக்கு ஈடாகக் கருதும் அந்தக் கணக்கு அநீதியானது என்பதில் ஐயமில்லை.

நகரத்துத் தலைத் தீபாவளியை உருவாக்கியவை இரயில், அச்சு, கடைத்தெரு என்னும் மூன்றும் ஆகும். ஊரை விட்டுச் சென்னையில் அரசு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வந்தவர்களைத் தென்னிந்திய இரயில்வே பண்டிகைக்கு ஊர் கொண்டுசேர்த்தது. 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்திலிருந்து தஞ்சை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி நோக்கிப் புறப்பட்ட இரவு வண்டிகளில் புதுமணத் தம்பதியரின் கூட்டம் ஆண்டுதோறும் பெருகியது. ஆனந்த விகடன், கலைமகள், கல்கி ஆகிய இதழ்களின் தீபாவளி மலர்கள் மாப்பிள்ளை, மாமனார், மைத்துனன் ஆகியோரை வைத்துக் கதைகளையும் நகைச்சுவைப் படங்களையும் வெளியிட்டன. மாலியும் கோபுலுவும் வரைந்த படங்களைப் பார்த்துச் சிரித்த வாசகர்களில், தம் சாதியில் தலைத் தீபாவளி அவ்வளவு முக்கியமில்லாதவர்களும் இருந்தனர். காவிரிக் கரை அக்கிரகாரத்தின் வழக்கம் தமிழகத்தின் பொது வழக்கமாகத் தோற்றம் பெறுவதற்கு இம்மலர்கள் பெரிதும் உதவின. துணிக்கடைகள் அதற்கேற்ப விளம்பரம் செய்தன. 1935இல் தொடங்கிய கூட்டுறவு நெசவாளர் அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் பின்னாளில் தீபாவளித் தள்ளுபடியைத் தன் ஆண்டின் பெரிய விற்பனையாக ஆக்கிக்கொண்டது. சீன வெடி இறக்குமதியை நம்பியிருந்த சந்தைக்குச் சிவகாசி புதிய வழி காட்டியது. அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி நின்றபோது அவ்வூர் பட்டாசுத் தொழிலில் முன்னேறியது. அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்த வெடி, நடுத்தரக் குடும்பத்து மாமனாருக்கும் எட்டும் பொருளானது அதன் பிறகே.

இதே காலத்தில் பெரியார் ஈ.வெ.ரா. தீபாவளியை ஆரியப் புராணத்தின் விழாவென்று கண்டித்துத் தமிழர் அதைக் கொண்டாடலாகாது என்று தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். அவரது சுயமரியாதை இயக்கத்தைச் சார்ந்த குடும்பங்களில் அழைப்பும் புத்தாடையும் பொங்கலுக்கு மாறின. பொங்கல் தமிழர் திருநாளாகப் பொது அடையாளம் பெற்றதும் தலைப் பொங்கலுக்கு நகரத்திலும் புதிய மதிப்பு ஏற்பட்டது. நரகாசுரன் கதையை மறுத்த அந்த வீடுகளும் மகளை அழைப்பதை விட்டுவிடவில்லை.

சமய எல்லையையும் இவ்வழக்கம் கடந்திருக்கிறது. நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் கிறித்தவர்களிடையே தலைக் கிறிஸ்துமசும், தமிழ் முஸ்லிம்களிடையே தலை நோன்பும் தலைப் பெருநாளும் வழங்குகின்றன. மருமகனுக்குப் புத்தாடை, விருந்து, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் என முறைகளும் ஏறத்தாழ அவையே. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை முஸ்லிம் ஊர்களில் மட்டும் நிலைமை மாறுபடும். அங்கே மகளுக்கு வீடு கொடுத்துக் கணவன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதே முறையாதலால், மகள் திரும்பிவர வேண்டிய தேவையே எழுவதில்லை. யாழ்ப்பாணத்திலும் பெண்ணுக்குச் சீதனமாக வீடும் காணியும் எழுதிக்கொடுப்பதை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் அங்கீகரித்தது. மகள் பெற்றோரின் அருகிலேயே குடியிருந்த அச்சமூகத்தில் தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் தீபாவளியை விஞ்சி நின்றன. மகள் எங்கே வாழ்கிறாள் என்பதைப் பொறுத்தே முதல் பண்டிகையின் முக்கியத்துவம் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது என்பதற்கு இவ்விரண்டு கரைகளும் எதிர்மறைச் சான்றுகள்.

இப்போது பெரும்பாலான இளந்தம்பதியர் இரு பெற்றோர் வீட்டிலும் வாழ்வதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ தனிக்குடித்தனம் நடத்தும் அவர்கள் இருவருமே சம்பளம் வாங்குகிறார்கள். இருவரும் ஒற்றைப் பிள்ளைகளாகவும் இருக்கும்போது, முதல் பண்டிகைக்கு மகனை விட்டுக்கொடுக்கும் வீட்டில் அன்று வாசலில் கோலம் போடவும் ஆளிருப்பதில்லை. ஆகவே பல குடும்பங்களில் அழைப்பு சம்பந்தி தம்பதியருக்கும் சேர்த்தே போகிறது. முன்பு துணியும் பலகாரமும் மட்டுமே பெற்றுவந்த மாப்பிள்ளையின் பெற்றோர் நேரில் வந்து, மருமகளின் தாய் வீட்டில் அதே தவலை வெந்நீரில் குளித்து, தாங்கள் கொண்டுவந்த புடவையை மருமகளுக்கு எடுத்துத் தருகிறார்கள். வேறு சில வீடுகளில் மகள் தன் சம்பளத்தில் பெற்றோருக்கு எடுத்த புத்தாடையும் மஞ்சள் தடவிய அடுக்கில் சேர்கிறது.